கலர் பிரிண்டை இருட்டறையில் போடுவது எப்படி? முதல் தாளை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பேசுவோம்

கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடத் தெரிந்தவர்களில் பல பேர் கலர் பக்கம் வராமலேயே நின்றுவிடுகிறார்கள். கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, சிவப்பு விளக்குகூட இல்லாமல் கும்மிருட்டில் வேலை செய்ய வேண்டும். இரண்டு, கெமிக்கலின் சூடு கொஞ்சம் தவறினாலும் எல்லாம் பாழ். முதலாவது உண்மைதான், ஆனால் பத்துத் தாள் போடுவதற்குள் கை பழகிவிடும். இரண்டாவது பாதிதான் உண்மை. என் அனுபவத்தில் கெமிக்கல் வேலை கறுப்பு வெள்ளையைவிடச் சுலபம், நேரமும் குறைவு. உண்மையான கஷ்டம் கண்ணில்தான் இருக்கிறது. ஒரு சிமெண்ட் சுவர் பிரிண்டில் சாம்பலாகத்தான் தெரிகிறதா, இல்லை லேசாகப் பச்சை ஏறியிருக்கிறதா என்று சொல்லத் தெரிந்துவிட்டால் கலர் பிரிண்ட் கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் இங்கே கெமிக்கலை வேண்டிய அளவுக்குச் சொல்லிவிட்டு, நிறத்தைத் திருத்துவதில்தான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன்.

முதலில் நெகட்டிவைப் பாருங்கள். வீட்டு அலமாரியில் பழைய கலர் நெகட்டிவ் ஏதாவது கிடக்கும், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். எல்லாம் தலைகீழ்: வெள்ளைச் சட்டை கறுப்பாக இருக்கும், செடி கொடி சிவந்த வாடாமல்லி நிறத்தில் இருக்கும், வானம் மஞ்சளடித்துப் போயிருக்கும். இது போதாதென்று முழு பிலிமுக்கும் ஒரு ஆரஞ்சுப் பூச்சு. இந்த ஆரஞ்சு எதற்கு என்று எல்லோருமே ஒரு தடவையாவது கேட்பார்கள். பிலிமில் இருக்கும் சாயங்கள் சுத்தமானவை அல்ல. மெஜந்தா என்ற வாடாமல்லி நிறச் சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் நீலத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும். சயான் என்ற பச்சை கலந்த நீலச் சாயமும் இப்படித்தான், தன் வேலை இல்லாத இடத்தில் கை வைக்கும். இந்தக் குறையைச் சரிக்கட்ட கோடக்கில் வேலை பார்த்த வெஸ்லி ஹான்சன் 1940களில் ஒரு வழி கண்டுபிடித்தார். சாயத்தை உண்டாக்கும் பொருளுக்கே முன்கூட்டி ஒரு நிறம் கொடுத்துவிடுவது, சாயம் உருவாகும் இடத்தில் அந்த முன்நிறம் மறைந்துபோகும்படி. அப்போது சாயத்தின் குறையும் முன்நிறமும் ஒன்றையொன்று ஈடுகட்டி, பிலிம் முழுக்க ஒரே சீரான ஆரஞ்சாக ஆகிவிடும். சீராக இருக்கிற எதையும் பிரிண்ட் போடும்போது பில்டரால், அதாவது ஒளிப்பாதையில் வைக்கும் நிறத் தகட்டால், கழித்துவிடலாம். ஆக அந்த ஆரஞ்சு பிலிமின் கோளாறு இல்லை, கோளாறைத் திருத்தத்தான் அது அங்கே இருக்கிறது.

இனி தாள். கலர் தாளில் மூன்று உணர்வு அடுக்குகள் இருக்கின்றன. சிவப்பு ஒளியைப் பார்க்கும் அடுக்கு சயான் சாயத்தை உண்டாக்கும், பச்சை ஒளியைப் பார்க்கும் அடுக்கு மெஜந்தாவை, நீல ஒளியைப் பார்க்கும் அடுக்கு மஞ்சளை. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது. (பிலிமில் நீல அடுக்கு மேலே இருக்கும், தாளில் அதுதான் அடியில் இருக்கும். மஞ்சள் நிறம் கொஞ்சம் கூர்மை குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதை அடியில் போட்டுவிட்டார்கள்.) மெஜந்தா என்பது நம் ஊர் வாடாமல்லி நிறத்துக்குப் பக்கத்தில் வரும். சயான் நீலமும் இல்லை பச்சையும் இல்லை, மயில்கழுத்துச் சேலையை வெளிச்சத்தில் அசைத்தால் தெரியுமே அந்தப் பச்சை கலந்த நீலம், அதன் வெளிர் ரூபம் என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் மெஜந்தாவைச் சிவப்பு என்றும் சயானை நீலம் என்றும் எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் தவறான பில்டரைத் திருகிக்கொண்டிருப்பார்கள். கண்ணைப் பழக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

தாள் மூன்று நிறத்தையும் பார்ப்பதால்தான் கறுப்பு வெள்ளை அறையின் சிவப்பு விளக்கு இங்கே ஆகாது. ஊட்டியில் தயாரான ‘இந்து’ என்ற பிராண்டு கறுப்பு வெள்ளைத் தாளில் பழகியவர்களுக்கு விளக்கொளியில் படம் மெல்ல எழும்பி வருவதைப் பார்ப்பதுதான் இருட்டறையின் சுகமே. கலரில் அது கிடையாது. பச்சை உணர்வுக்கும் சிவப்பு உணர்வுக்கும் நடுவே தாளுக்கு ஒரு சின்ன மங்கல் இடம் உண்டு, அந்த இடத்தில் விழும் மிக மங்கலான மஞ்சள்கலந்த ஆரஞ்சு விளக்கைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். ஆரம்பத்தில் அது வேண்டாம். முழு இருட்டிலேயே பழகுங்கள். தாளை எடுத்து ஈசலில் (தாளை அசையாமல் பிடிக்கும் சட்டம்) வைக்க, டிரம் என்ற மூடியுள்ள உருளையில் சுருட்டிப் போட, மொத்தமாக ஒரு நிமிட இருட்டுதான். டிரம்மை மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

கெமிக்கல் என்ன செய்கிறது? ஒளி பட்ட இடத்தில் இருக்கும் வெள்ளி உப்பை டெவலப்பர் என்ற முதல் குளியல் வெள்ளியாக மாற்றுகிறது. அப்படி மாற்றும்போது டெவலப்பரும் மாறுகிறது, ஆக்சிஜனேற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே அதுதான். இந்த மாறிய டெவலப்பர் பக்கத்தில் காத்திருக்கும் கப்ளர் என்ற பொருளோடு ஒட்டிக்கொண்டு சாயமாகிறது. எங்கே வெள்ளி உண்டானதோ அங்கே சாயமும் உண்டாகிறது. அப்புறம் பிளிக்ஸ் என்ற இரண்டாவது குளியல் வந்து உண்டான வெள்ளியையும், ஒளி படாமல் மிச்சமிருந்த வெள்ளி உப்பையும் கரைத்து எடுத்துப் போய்விடும். கடைசியில் உங்கள் கையில் இருக்கும் கலர் பிரிண்டில் வெள்ளி துளிகூட இருக்காது, வெறும் மூன்று சாயம்தான். எனக்கு இது முதலில் தெரியவந்தபோது ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். படம் வெள்ளியால் எழுதப்பட்டு, பிறகு எழுதிய கை மட்டும் விலகிப் போய்விடுகிறது.

இந்த முறைக்குப் பெயர் ஆர்ஏ-4. 1980களில் கோடக் கொண்டுவந்தது. பிலிம் கழுவும் சி-41 வேறு, இது வேறு, இரண்டின் டெவலப்பரையும் மாற்றிப் போடக் கூடாது. இதற்கு முன்னால் இருந்த ஈபி-2 முறையில் டெவலப்பரில் மட்டும் மூன்றரை நிமிடம் இருக்க வேண்டும்; ஆர்ஏ-4 தாள் வெள்ளிக் குளோரைடால் ஆனது என்பதால் 35 டிகிரி செல்சியஸில் 45 விநாடியில் முடிந்துவிடுகிறது. இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. கல்யாண ஆல்பத்துக்கு நம் ஊர் கலர் லேப்களில் போட்டுத் தரும் பிரிண்டுகளில் நிறைய இன்னும் இதே ஆர்ஏ-4 தாள்தான். டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தை லேசர் ஒளியால் அதே தாளில் எழுதி, அதே டெவலப்பரிலும் பிளிக்ஸிலும் இறக்கி எடுக்கிறார்கள். லேசருக்குப் பதில் நாம் நெகட்டிவையும், அதைத் தாளில் பெரிதாக விழவைக்கும் என்லார்ஜரையும் வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் தாள் தேடுவதும் அங்கேதான். ஃபியூஜி கிறிஸ்டல் ஆர்கைவ், கோடக் எண்டுரா இரண்டும் நன்றாக வரும். வெட்டிய தாளாகப் பாக்கெட்டில் கிடைத்தால் வேலை சுலபம். கிடைக்காவிட்டால் லேப்பில் 6 அங்குலம், 8 அங்குலம், 12 அங்குல அகல ரோல்கள் ஓடும், அதன் கடைசி மிச்சத்தைக் கேட்டு வாங்கி வந்து இருட்டில் வெட்டிக்கொள்ளலாம். லேசருக்கென்று செய்த தாளில் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம், கொஞ்சம் கூடுதலாக வரும், பழகுவதற்கு அது தடையில்லை. தாளைப் பிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள், எடுத்த உடனே பாக்கெட்டைத் திறக்காதீர்கள், வெளியே சில மணி நேரம் இருந்து அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லாவிட்டால் ஈரம் படியும்.

என்லார்ஜரில் கலர் ஹெட் இருந்தால் நல்லது. மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று குமிழ்கள் இருக்கும், திருகினால் அந்த நிற பில்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஒளிப்பாதைக்குள் நுழையும். கலர் ஹெட் இல்லாத கறுப்பு வெள்ளை என்லார்ஜரிலும், விளக்குக்குக் கீழே பில்டர் வைக்கும் தட்டு இருந்தால் கலர் பில்டர் தாள்களை அடுக்கி வேலையை முடிக்கலாம். மூன்று குமிழில் சயானை எப்போதும் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். மஞ்சளும் மெஜந்தாவும் மட்டும் போதும். மூன்றையும் போட்டால் அதில் பொதுவாக இருக்கும் பங்கு வெறும் சாம்பலாக நின்று வெளிச்சத்தைத்தான் குறைக்கும், நிறத்துக்கு ஒன்றும் செய்யாது.

சரி, இப்போது முக்கியமான இடம். பிரிண்ட் மெஜந்தா அடித்து வந்தால் எந்த பில்டரைத் திருகுவது? பொதுப் புத்தி என்ன சொல்லும்? மெஜந்தா அதிகம், எனவே மெஜந்தாவைக் குறை என்று சொல்லும். செய்து பார்த்தால் இன்னும் மெஜந்தாவாக வரும். நெகட்டிவிலிருந்து தாளுக்குப் போகும்போது எல்லாம் தலைகீழ் என்பதால் இங்கே முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். மெஜந்தா பில்டர் பச்சை ஒளியைத் தடுக்கிறது. பச்சை ஒளி குறைந்தால் தாளில் பச்சையைப் பார்க்கும் அடுக்கு குறைவாக வேலை செய்யும். அந்த அடுக்கு உண்டாக்கும் சாயம் மெஜந்தா. ஆகவே மெஜந்தா பில்டரைக் கூட்டினால் பிரிண்டில் மெஜந்தா குறையும். மஞ்சளுக்கும் இதே கதை: மஞ்சள் பில்டர் நீல ஒளியைத் தடுக்கும், மஞ்சள் சாயம் குறையும்.

பிரிண்டில் எந்த நிறம் அதிகமோ அதே நிற பில்டரைக் கூட்டு. இதுதான் முழுச் சூத்திரம். சிவப்பு என்பது மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தது, எனவே சிவந்து வந்தால் இரண்டையும் சம அளவு கூட்டுங்கள். பச்சை அடித்தால் அது மெஜந்தாவின் எதிர்ப்பக்கம், மெஜந்தா பில்டரைக் குறையுங்கள். நீலம் அடித்தால் மஞ்சளைக் குறையுங்கள். சயான் அடித்தால் அது சிவப்பின் எதிர், இரண்டையும் குறையுங்கள். இந்த ஆறையும் ஒரு அட்டையில் எழுதி என்லார்ஜர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டால் முதல் மாதம் நிம்மதியாகப் போகும்.

எவ்வளவு கூட்டுவது? பில்டர் எண்ணில் 30 என்றால் அந்த நிற பில்டர் தடுக்க வேண்டிய ஒளி பாதியாகக் குறைகிறது என்று பொருள். கண்ணுக்கு இருக்கா இல்லையா என்ற சந்தேகத்தில் தெரியும் சாயலுக்கு 5 போதும், பார்த்த உடனே தெரிந்தால் 10, படம் முழுக்க முகத்தில் அடித்த மாதிரி இருந்தால் 20 அல்லது அதற்கு மேல். என்லார்ஜர் கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண்களின் அளவுகோல் மாறும், ஒருவருடைய 50 இன்னொருவருடைய 50 ஆகாது. எனவே மற்றவர் சொன்ன எண்ணை அப்படியே நம்பாமல் உங்கள் மெஷினில் உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஆரம்பிக்க மெஜந்தா 50, மஞ்சள் 50 என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆரஞ்சுப் பூச்சைக் கழிக்கவே ஏறக்குறைய இவ்வளவு தேவைப்படும்.

பிரிண்ட் போடும் முறையை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம். நெகட்டிவின் பளபளப்பு குறைந்த பக்கம் கீழே பார்க்கும்படி மாட்டி, வெள்ளைத் தாளில் போகஸ் செய்து, லென்ஸ் துளையை எஃப்/8 என்ற அளவுக்குச் சுருக்குகிறீர்கள். விளக்கை அணைத்து, இருட்டில் தாளை எடுத்து, டைமரில் 10 விநாடி. நேரத்தை முடிந்தவரை 10 விநாடிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, வெளிச்சம் கூடவோ குறையவோ வேண்டுமென்றால் லென்ஸ் துளையை மாற்றுங்கள். நேரம் ரொம்ப நீண்டால் மூன்று அடுக்குகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது, நிறம் நகர்ந்துவிடும். பளபளப்புப் பக்கம் எது என்று இருட்டில் தெரியாவிட்டால், தாள் லேசாக எந்தப் பக்கம் வளைகிறதோ அதுதான் பெரும்பாலும் படம் விழும் பக்கம். அப்படியும் சந்தேகமென்றால் ஈரவிரலால் ஓரத்தைத் தொட்டால் கொஞ்சம் ஒட்டும்.

டிரம் என்பது மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் உருளை. படம் விழுந்த பக்கம் உள்நோக்கி இருக்கும்படி தாளைச் சுருட்டி உள்ளே விட்டு மூடிவிட்டால் மற்ற எல்லாம் வெளிச்சத்தில் நடக்கும். 8க்கு 10 அங்குலத் தாளுக்கு 60 முதல் 100 மில்லி கெமிக்கல் போதும், எவ்வளவு என்பது டிரம்மைப் பொறுத்தது. முதலில் வெந்நீரை ஊற்றி அரை நிமிடம் உருட்டி வடிக்க வேண்டும், தாளும் டிரம்மும் சூடாக. அப்புறம் 35 டிகிரியில் டெவலப்பர், 45 விநாடி முதல் ஒரு நிமிடம், நிறுத்தாமல் உருட்ட வேண்டும். பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். அடுத்து டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் அரை நிமிடம். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் அதுவே போதும். இதைச் சிலர் விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். டெவலப்பர் மிச்சத்தோடு பிளிக்ஸ் சேர்ந்தால் வெள்ளைப் பகுதியில் இளஞ்சிவப்புக் கோடுகள் விழும். பிளிக்ஸ் ஒரு நிமிடம். கடைசியில் ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம். மொத்தம் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு கலர் பிரிண்ட் கையில்.

சூடு பற்றிய பயத்துக்கு வருவோம். ஆர்ஏ-4 தாள் டெவலப்பரில் முழுமையாக வெந்து முடிந்து நின்றுவிடும் இயல்புள்ளது, சோறு வெந்த பிறகு இன்னும் அரை நிமிடம் அடுப்பில் இருந்தால் ஒன்றும் ஆகாத மாதிரி. வேகாமல் எடுப்பதுதான் ஆபத்து. அதனால் சூடு குறைந்தால் நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். அறைச் சூட்டிலேயே இரண்டு நிமிடம் டெவலப் செய்து நல்ல பிரிண்ட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். முக்கியம் என்னவென்றால் இன்றைக்கு என்ன சூடோ நாளைக்கும் அதே சூடு, அதே நேரம். குளிர் நாட்டுக்காரர்கள் தண்ணீரைச் சூடேற்றவும் அதை அப்படியே தக்கவைக்கவும் தனி இயந்திரம் வைத்துக்கொள்கிறார்கள். நமக்குச் சித்திரை வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீரே சூடாகத்தான் இறங்குகிறது. ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் 36 டிகிரிக்குத் தண்ணீர் பிடித்து, கெமிக்கல் பாட்டில்களை அதில் கழுத்துவரை இறக்கிவைத்தால் ஒரு மணி நேரம் வண்டி ஓடும்.

இப்போது ஒரு பிரிண்ட்டை ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்கிறேன். மாமா வீட்டுத் திண்ணையில் எடுத்த படம். சிமெண்ட் தரை, கொடியில் உலரும் ஒரு வெள்ளை வேட்டி, ஓரத்தில் வாழை இலை. பழகுவதற்கு இதுபோல் சாம்பலும் வெள்ளையும் உள்ள படம்தான் சரி. சூரிய அஸ்தமனப் படத்தை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தால் எது சரி எது தப்பு என்றே தெரியாது. முதல் தாள்: மெஜந்தா 50, மஞ்சள் 50, எஃப்/8, 10 விநாடி. வந்த பிரிண்டில் சிமெண்ட் தரை செங்கல் பொடி தூவிய மாதிரி ஆரஞ்சாக இருந்தது, வேட்டி பழைய காகித நிறம். ஆரஞ்சு என்றால் மஞ்சள் நிறைய, கூடவே கொஞ்சம் மெஜந்தா. எனவே மஞ்சள் 70, மெஜந்தா 60. பில்டர் கூடியதால் மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறையும், அதற்கு ஈடாக 11 விநாடி. (மெஜந்தாதான் இதில் வெளிச்சத்தை அதிகம் விழுங்கும், மஞ்சள் கூடினால் பிரிண்டின் அடர்த்தி பெரிதாக மாறாது.)

இரண்டாவது தாளில் தரை சரியாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது வேட்டியின் மடிப்பு நிழலில் மட்டும் ரோஜா நிறச் சாயல். வெளிச்சமான வெள்ளையில் அது தெரியாது, ஆழமான நிழலிலும் தெரியாது. நடுத்தர வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் நிழல் விழும் இடத்தில்தான் நிறக்கோளாறு தன்னைக் காட்டிக்கொடுக்கும். நான் எப்போதும் அங்கேதான் பார்ப்பேன். மெஜந்தா 65 ஆக்கினேன். மூன்றாவது தாளில் தரை தரையாக இருந்தது. சரியான இடம் இதுதானா என்று உறுதி செய்ய வேண்டுமென்றே மெஜந்தாவை 70க்குக் கொண்டுபோய் நான்காவது ஒன்று போட்டேன், அதில் வேட்டி நிழல் பாசி படிந்த மாதிரி பச்சையாகிவிட்டது. ஆக 65தான். கடைசியில் ஒன்றைத் தாண்டிப் போய்ப் பார்ப்பது தாளை வீணாக்குவது மாதிரித் தெரியும், ஆனால் கண்ணுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. மூன்றாவதையும் நான்காவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 5 எண் என்பது எவ்வளவு என்று கண்ணே கற்றுக்கொள்ளும்.

பார்ப்பது எங்கே என்பதும் முக்கியம். ஒரு ராத்திரி முழுக்க மஞ்சள் குண்டு பல்பின் கீழே பிரிண்டைப் பார்த்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறேன். பல்பின் மஞ்சள்சிவப்பைப் பிரிண்டின் குறை என்று நினைத்து இரண்டு பில்டரையும் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். காலையில் வாசலில் கொண்டுபோய்ப் பார்த்தால் எல்லா முகமும் சயான் அடித்து, உயிரில்லாமல் இருந்தது. பன்னிரண்டு தாள். அதற்குப் பிறகு வெயில் நேரடியாக விழாத ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சம், அல்லது பகல்வெளிச்ச நிறத்தில் வரும் ஒரு நல்ல விளக்கு, இரண்டில் ஒன்றுதான். அதோடு ஈரத் தாளை வைத்து நிறத்தை முடிவு செய்யவே கூடாது. ஈரத்தில் ஆர்ஏ-4 தாள் பால் கலந்த மாதிரி நீலம் பாய்ந்து தெரியும். முடி உலர்த்தும் டிரையரால் ஒரு நிமிடம் காயவைத்தால் உண்மை நிறம் வந்துவிடும்.

இன்னொரு எதிரி கரண்ட். வோல்டேஜ் இறங்கினால் என்லார்ஜரின் ஹாலஜன் விளக்கு மங்குவதோடு நிறமும் சிவக்கும். சிவப்பு ஒளி கூடினால் தாளில் எந்தச் சாயம் கூடும்? மேலே மனப்பாடம் செய்யச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: சயான். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்ட நேரத்துப் பிரிண்ட் சயானாக வந்து, நிறுத்திய பிறகு சரியாக வருவதற்கு இதுதான் காரணம். ஒரு ஸ்டெபிலைசர் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

கெமிக்கலில் மன்னிப்பே இல்லாத ஒரு தப்பு உண்டு. பிளிக்ஸ் டெவலப்பருக்குள் போகவே கூடாது, சில துளிகளே போதும் கெடுத்துவிடும். அளவு ஜாடி, புனல், மூடி எல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பாட்டில் மூடியில்கூட நிறம் பூசி வைத்துவிடுங்கள். டிரம்மை ஒவ்வொரு பிரிண்டுக்கும் இடையில் நன்றாகக் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும், ஈரத் துளி இருந்தால் தாளில் அந்த இடம் கறையாகும். டெவலப்பர் காற்றுப் பட்டால் பழுப்பாகி வலுவிழக்கும், பாட்டிலை விளிம்புவரை நிரப்பி மூடி வையுங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம், டெவலப்பரில் இருக்கும் பொருள் சிலருக்குத் தோலில் அலர்ஜியைக் கிளப்பும், ஒரு தடவை வந்தால் ஒவ்வொரு தடவையும் வரும். சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள், எடுத்தால் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஜன்னல் திறக்க முடியாது என்பதால் ஒளி புகாத ஒரு எக்ஸாஸ்ட் பேன் போட்டுக்கொள்ளுங்கள்.

தீர்ந்த பிளிக்ஸைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்ற வேண்டாம். தாளிலிருந்து கழன்ற வெள்ளி முழுக்க அதில்தான் இருக்கிறது, நீரில் வாழும் உயிர்களுக்கு அது கேடு. ஒரு வாளியில் சேர்த்துவைத்து அதில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைப் போட்டால் இரும்பு கரைந்து வெள்ளி கறுத்த சேறாக அடியில் படியும். லேப் வைத்திருப்பவர்களைக் கேட்டால் வெள்ளி பிரித்தெடுக்கத் தீர்ந்த கெமிக்கலை வாங்கிப் போகிறவர்களைக் காட்டுவார்கள், அவர்களிடம் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

கலர் பிரிண்டுக்கு இது ஒன்றுதான் வழி என்றில்லை. ஸ்லைடிலிருந்து (நிறம் தலைகீழாகாமல் அப்படியே தெரியும் பிலிம்) நேராகப் பிரிண்ட் எடுக்க சிபாகுரோம் என்று ஒன்று இருந்தது, தாளில் ஏற்கெனவே இருக்கும் சாயத்தை வேண்டாத இடத்தில் அழித்துக்கொண்டு வரும் முறை. அந்தத் தாள் தயாரிப்பு நின்றுவிட்டது. டை டிரான்ஸ்பர் இன்னும் கடினமானது. ஒரே படத்தை மூன்று நிறமாகப் பிரித்து, ஜெலட்டின் அச்சு மூன்று செய்து, ஒவ்வொன்றையும் ஒரு சாயத்தில் ஊறவைத்து ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எடுப்பார்கள். 1976ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன் காட்டிய கலர் படங்கள் அப்படிப் போட்டவைதான். அதற்கான பொருட்களை கோடக் 1990களில் நிறுத்தியது. இன்று வீட்டில் செய்யக்கூடிய நிலையில் மிஞ்சியிருப்பது ஆர்ஏ-4.

வீட்டு ஆல்பத்தில் 1970, 80களின் கலர் போட்டோக்கள் பலவும் ஒரே சிவப்பாக மாறிப்போயிருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத் தாள்களில் சயான் சாயம் ஆல்பத்துக்குள் இருட்டில் மூடிவைத்தாலும் மங்கிப்போகும். சயான் போனால் மிச்சம் மஞ்சளும் மெஜந்தாவும், அதாவது சிவப்பு. பின்னால் வந்த தாள்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். அந்தப் போட்டோவின் நெகட்டிவ் நல்ல நிலையில் கிடைத்தால் உங்கள் இருட்டறையில் அதை மறுபடி போடலாம். பழைய நெகட்டிவுக்கு பில்டர் எண் இன்றைய பிலிமிலிருந்து ரொம்பவே தள்ளி இருக்கும், 20, 30 என்று பெரிய தாவலாகத் தாவி ஆரம்பியுங்கள், நெருங்க நெருங்க 5, 5 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பிரிண்டின் பின்பக்கமும் அழியாத மார்க்கரில் எழுதி வையுங்கள்: மெஜந்தா 65, மஞ்சள் 70, எஃப்/8, 11 விநாடி, தாளின் பெயர், தேதி. தோற்றுப்போன தாளின் பின்னாலும் எழுதுங்கள், அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரே ரோலில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த அடுத்த படத்துக்கு அந்த எண்களையே வைத்து ஆரம்பித்தால் முதல் தாளே கிட்டத்தட்டச் சரியாக வரும். என் திண்ணைப் படத்துக்கு அடுத்த பிரேம், அதே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கும் அத்தை. அதற்கு ஒரே ஒரு தாள்தான் செலவானது.